மிச்ச வடையும் எடுக்காத இலையும்

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேலாக, முதலில் மதுரையிலும் பிறகு திருநெல்வேலிச் சீமையிலும், சைவச் சாப்பாட்டுக் கடையில் இலை போட்டுப் பரிமாறுவதுதான் என் தொழில். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவன். கடல் தாண்டிப் போய் வந்தவர்கள் கோயில், கோட்டை, துறைமுகம் என்று எழுதுவார்கள். நான் பார்த்தது மேசையும் தட்டும் இலையும். அதைத்தான் எழுத முடியும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு நடந்தது இது. என் அக்காள் இருந்தவரை எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பெயர்களையும் மாற்றிவிட்டேன்.

அக்காள் மகள் கோமதிக்கு எங்கள் தெருவிலேயே ஒரு சம்பந்தம் பேசியிருந்தோம். பையன் பெயர் சுப்பையா. பத்து வருஷமாக யாழ்ப்பாணத்தில், நம் ஊர்க்காரர் ஒருவர் நடத்தும் காபிக் கடையில் பரிமாறுகிற வேலை. அவன் அம்மா வந்து பூ வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அவனைப் பார்த்ததே இல்லை. அவன் ஊரில் இருந்த காலத்தில் நான் மதுரையில் வேலையாக இருந்தேன். தாலிக்குப் பொன் உருக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. நாலே வரி. “பெண் கொடுக்க முன்னம், சுப்பையா தினமும் யாருக்குச் சாப்பாடு கொண்டு போகிறார் என்று வந்து பார்க்கவும்.” கையெழுத்து இல்லை.

அக்காள் கடிதத்தை என்னிடம் கொடுத்து, “நீதான் தாய்மாமன். நீ போய்ப் பார்த்துட்டு வந்து சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம்” என்றாள். கோமதி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் கால் மட்டும் தெரிந்தது. முதலாளியிடம் எட்டு நாள் லீவு கேட்டேன். முப்பது வருஷத்தில் நான் கேட்ட முதல் லீவு அதுதான்.

போன வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கப்பலில் வாந்தி எடுத்தேன்.

முதல் நாள் காலை பத்து மணிக்கு அந்தக் கடைக்குள் நுழைந்தேன். நான் யார் என்று சொல்லவில்லை. கேட்டால் நல்லூர்க் கந்தனைக் கும்பிட வந்தேன் என்று சொல்வதாக முடிவு செய்திருந்தேன். சலவைக்கல் மேசை, கிறீச்சிடும் நாற்காலி, சுவரில் சாமி படம், கல்லாவில் விபூதி பூசிய ஒருவர். எல்லாம் நம் ஊர் மாதிரியே இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கடல் தாண்டி வந்த பிறகும் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் எதையோ மூடி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

“ஒரு வடை, ஒரு காபி” என்றேன்.

வந்தது ஒரு தட்டு. அதில் உளுந்து வடை இரண்டு, கடலை வடை இரண்டு, இனிப்புச் சுசியம் இரண்டு.

ஒன்று கேட்டவனுக்கு ஆறு வைக்கிறார்களே, வெளியூர்க்காரன் என்று தெரிந்து தலையில் கட்டுகிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. வைத்ததை வீணாக்கினால் அன்னத்தை அவமதித்தது போலாகும் என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். ஆறாவதை விழுங்கும்போது கண்ணில் நீர் வந்தது. தட்டு காலியானதும் பரிமாறுகிறவன் அதை எடுத்துக்கொண்டு போனான். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதே தட்டில் மறுபடியும் ஆறு கொண்டுவந்து வைத்தான்.

பக்கத்து மேசையில் தலைப்பாகை கட்டிய ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஐயாவுக்கு நல்ல பசி போலை” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். “உதெல்லாத்தையும் தின்னத் தேவையில்லை, ஐயா. வேணுமெண்டதை எடுங்கோ. மிச்சம் திரும்பிப் போகும். எடுத்ததுக்குத்தான் காசு.”

“திரும்பி எங்கே போகும்?”

“எங்கை போறது? அடுத்த மேசைக்குத்தான்.”

அவர் சொல்லி வாய் மூடுமுன், அவர் மேசையில் மிஞ்சியிருந்த மூன்று வடையோடு தட்டு எழுந்தது. மேலே மூன்று சேர்ந்தது. வாசலில் அப்போதுதான் உட்கார்ந்த ஒருவர் முன்னால் போய் இறங்கியது.

யார் யார் கை பட்டதோ, நான் தின்ற ஆறும் எத்தனை மேசை சுற்றி வந்ததோ! எங்கள் கடையில் இலை விளிம்பைத் தாண்டி விழுந்த அப்பளத்தைக்கூட மாட்டுக்குப் போடுவோம். நான் முகத்தைச் சுளித்திருப்பேன் போலிருக்கிறது. பரிமாறுகிறவன் என் பக்கம் குனிந்து, “பயப்படாதீங்க, அண்ணாச்சி. எடுக்கிறவங்க ஒண்ணைத்தான் தொடுவாங்க. தடவிப் பார்த்தாங்கன்னா அந்தத் தட்டு உள்ளே போயிரும். நான் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்” என்றான். நம் ஊர்ப் பேச்சு.

கல்லாவிலிருந்து குரல் வந்தது: “சுப்பையா! மூணாம் மேசை!”

“ஓம், வாறன்” என்று அவன் போனான்.

இவன்தான். நல்ல உயரம், சுத்தமான வேட்டி, காதோரம் ஒன்றிரண்டு நரை. நாலு மேசையில் யார் எந்த வடையில் கை வைத்தார்கள் என்று உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தான். வாசல் பக்கத்து ஆள் ஒரு சுசியத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டதும், அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு அவன் உள்ளே போனதை நான் கண்டேன். ஆனாலும் என் மனம் சமாதானமாகவில்லை. கல்லாக்காரரும் மற்றப் பையன்களும் “ஆமா, வாரேன்” என்றுதான் சொன்னார்கள். அவர்களும் நம் சீமைதான். இவன் மட்டும் “ஓம், வாறன்” என்கிறானே. கடையில் நம் ஆட்களோடு இருக்கிறவனுக்கு இந்தப் பேச்சு எங்கிருந்து ஒட்டியது?

மத்தியானம் அங்கேயே இலைச் சாப்பாடு. ஒருவன் பரிமாறுவதைப் பார்த்தால் எனக்கு அவனைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். கரண்டி இலையில் இடிக்கக்கூடாது. கட்டை விரல் கிண்ணத்துக்குள் போகக்கூடாது. வாளி ஊசலாடக்கூடாது. சாப்பிடுகிறவன் கேட்பதற்கு முன்னால் வர வேண்டும். ஆனால் அவன் கை மறித்த பிறகு ஒரு சொட்டுகூட விழக்கூடாது. சுப்பையா இதில் ஒன்றிலும் தவறவில்லை. நான் இத்தனை வருஷத்தில் அப்படிப் பரிமாறியது பத்து நாள் இருக்கலாம். இவ்வளவு ஒழுங்காக ஒருவன் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே மோர் சாதம் சாப்பிட்டேன்.

கோட்டுப் போட்ட ஒரு உத்தியோகஸ்தர் இங்கிலீஷில் ஏதோ உறுமினார். சுப்பையா தலையாட்டிவிட்டுப் போனான். என்ன சொன்னார் என்று தலைப்பாகைக்காரரைக் கேட்டேன். அவரும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். “ரசம் ஆறிப் போச்சாம், ராசாங்கமே கவிழ்ந்த மாதிரிக் கதைக்கிறார்” என்றார்.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது, வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் தகரக் குவளையும் போத்தலுமாக நின்றார்கள். அவர்கள் உள்ளே வரக்கூடாதவர்கள். ஒரு ஆள் தேநீரை உயரத் தூக்கி, பாத்திரம் படாமல் ஊற்றினான். எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஆகவே அன்று நான் அதை நின்று பார்க்கவில்லை. மிச்ச வடைக்கு அத்தனை அருவருப்புப் பட்டவன் இதைச் சும்மா தாண்டி வந்திருக்கிறேன். இப்போது எழுதும்போது உறுத்துகிறது.

இரண்டாம் நாள் காலை ஒரு வடை மட்டும் எடுத்தேன். நடுவில் இருந்ததை விட்டு, ஓரத்தில் இருந்ததை. மூடி போட்ட கண்ணாடிப் பெட்டியிலிருந்து தட்டு என்னிடம் நேரே வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அதையும் எடுத்தேன்.

மத்தியானக் கூட்டம் கலைந்ததும் சுப்பையா நாலடுக்கு டிபன் கேரியரை எடுத்துவந்தான். ஒன்றில் சோறு, ஒன்றில் சாம்பார், ஒன்றில் கூட்டு, மேல் தட்டில் அப்பளமும் நாலு வடையும். எல்லோர் முன்னாலும்தான் நிரப்பினான். அதைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வடக்கே போனான். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்பி வந்தான். கேரியர் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

நான் பொறுக்க மாட்டாமல் கல்லாக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். “அந்தத் தம்பி எங்கே போய் வருது?”

“புத்தூருக்கு. அங்க ஒரு அம்மா நமக்கு மிளகாய்த்தூள் இடிச்சுக் குடுக்கு. வடகம், மோர்மிளகாய் எல்லாம் அங்கேருந்துதான்.”

“தினமுமா மிளகாய்த்தூள்?”

“தினமும்தானே குழம்பு வைக்கோம்!”

“சாப்பாடு எதுக்கு?”

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “தனிக்கட்டைப் பொம்பளை. ஒரு ஆளுக்குத் தனியாச் சமைக்கச் சிரமம்னு முதலாளி குடுத்தனுப்புதாரு. அண்ணாச்சிக்கு எந்த ஊருன்னு சொன்னீய?”

“மதுரைப் பக்கம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். என் காது சுட்டது. பதிலெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கேட்டவுடன் வந்ததுதான் பிடிக்கவில்லை. எத்தனை பேர் இதற்கு முன்னால் கேட்டிருப்பார்கள்?

மூன்றாம் நாள், அவனுக்கு முன்னால் புத்தூர் போய் ஒளிந்து நின்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். பருத்தித்துறை போகும் பஸ்ஸில் ஏறினேன். பஸ் என்றால் லாரிக்குக் கூரை போட்டது மாதிரி. கையில் குடை. பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய ஒரு கமக்காரர்; அந்த ஊரில் விவசாயிக்கு அதுதான் பேர். காலடியில் வாழைக்குலை.

“ஐயா இந்தியாவோ?”

“ஆமாம்.”

“எங்கை இறங்கிறியள்?”

“புத்தூர்.”

“புத்தூரிலை ஆரிட்டைப் போறியள்?”

இதற்குப் பதில் யோசித்து வைக்கவில்லை. “சும்மா பார்க்க” என்றேன்.

“புத்தூரிலை சும்மா பாக்க என்ன கிடக்கு? புகையிலையும் வெங்காயமும். அதைப் பாக்கவோ கப்பலேறி வந்தனீங்கள்?” பஸ்ஸே சிரித்தது. முன்னால் இருந்த ஒரு கிழவி திரும்பி, “நிலாவரைக் கிணத்தைப் பாக்கப் போறார் போலை. அடி காணாத கிணறெல்லோ” என்றாள்.

“ஆமாம், அதுதான்” என்று பிடித்துக்கொண்டேன்.

“அப்பிடிச் சொல்லுங்கோவன்! நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்” என்று கமக்காரர் எழுந்தே விட்டார். எனக்கு வியர்த்தது. பேச்சை மாற்ற, “காபிக் கடைச் சுப்பையா இந்தப் பக்கம் வருவாரோ?” என்று கேட்டேன்.

“வருவர், வருவர்” என்றார். அதோடு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளத் தொடங்கினார். கோப்பாயிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த மனிதர் ஒரு வெற்றிலைக்கு அரை மைல் நரம்பு கிள்ளினார்.

நீர்வேலி தாண்டியதும் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி வந்தது. நின்றுவிட்டது. டிரைவர் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். பிறகு ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார். எங்கள் ஊர் பஸ்ஸும் நிற்கும். ஆனால் தள்ளுகிறவர்கள் டிரைவரின் குலம் கோத்திரத்தை இழுத்துத் திட்டுவார்கள். இங்கே, “தள்ளுங்கோ, தள்ளுங்கோ, பருத்தித்துறை மட்டுக்கும் தள்ளினால் காசு திருப்பித் தருவர்” என்று சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். நானும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து தள்ளினேன்.

பின்னால் சைக்கிள் மணி அடித்தது.

“அண்ணாச்சி! நீங்களா?”

சுப்பையா ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். கேரியர் கைப்பிடியில் ஆடியது.

கமக்காரர் முந்திக்கொண்டார். “தம்பி, உவர் உங்கடை ஊராள். கிணறு பாக்க வந்தவராம்.”

“கிணறா?” சுப்பையா என்னைப் பார்த்தான். “ஓம். கிணறும் இருக்கு. ஏறுங்க, அண்ணாச்சி.”

சைக்கிளின் பின் பலகையில் ஏறினேன். டிபன் கேரியர் கைப்பிடியில் இடிக்கிறது என்று என்னிடமே கொடுத்துவிட்டான். எதைத் துப்பறிய வந்தேனோ அதையே மடியில் வைத்துக்கொண்டு, அடியில் சாம்பார் சுடச்சுட, செம்மண் தோட்டங்களுக்கு நடுவே போனேன். நாற்பத்தெட்டு வயதில் இதற்கு முன் அப்படி வெட்கப்பட்டதில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவன் திரும்பாமலே சொன்னான். “நீங்க கோமதிக்கு மாமாதானே?”

கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“முதல் நாளே தெரியும். சாப்பிட வர்றவங்க இலையைப் பார்ப்பாங்க. நீங்க வாளியைப் பார்த்தீங்க. சாம்பார் வர்றதுக்கு முன்னாலேயே சோத்துல குழி பண்ணி, ரசத்துக்குக் கரை கட்டி, நான் எட்டிக் குனிய வேண்டாம்னு இலையை ஒரு விரக்கடை இழுத்தும் வச்சீங்க. பரிமாறுறவன் சாப்பிட்டாத்தான் அப்படி. மாமா பரிமாறுறவர்னு அம்மா எழுதியிருந்தாங்க.”

அப்படியென்றால் மூன்று நாளாக நான் பார்த்த ஒழுங்கெல்லாம் எனக்காகக் காட்டியதா? கேரியரை எல்லோர் முன்னாலும் நிரப்பியதுகூட எனக்காகத்தானா? என் கணக்கு முழுவதும் கலங்கிப்போயிற்று.

“எதுக்கு வந்தீங்கன்னும் தெரியும். ஊர்ல யாராவது ஏதாவது சொல்லியிருப்பாங்க. நேரே வந்து பாத்துருங்க, மாமா. ஒளிக்க ஒண்ணுமில்லை” என்றான். குரல் நன்றாகத்தான் இருந்தது. முதுகு மட்டும் விறைத்திருந்தது.

பனையோலை வேலிக்குள் சின்னக் கல் வீடு. முற்றம் சாணம் மெழுகி, ஒரு பாய் நிறைய மிளகாய் காய்ந்தது. உரல் இருந்தது, உலக்கை இருந்தது, வடகம் இருந்தது. கல்லாக்காரர் சொன்ன எல்லாம் இருந்தன. தூள் இடிக்கிற இராசம்மா முப்பது வயதுப் பெண். புருஷன் இறந்து ஆறு வருஷம். வீடு அவள் சீதனமாம். அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள் என்று சுப்பையா வழியில் சொல்லியிருந்தான். வெள்ளைச் சேலை. நெற்றியில் விபூதி.

“வாங்கோ, ஐயா. இருங்கோ” என்றாள். நான் யாரென்று அவள் கேட்கவில்லை.

“இவர் கோமதியோட மாமா. மிளகாய்த்தூள் பார்க்க வந்தார்” என்றான் சுப்பையா.

“பாக்கட்டும்” என்றாள்.

தூளைப் பார்த்தேன். முகர்ந்தேன். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் வறுத்து இடித்த தூள். எங்கள் ஊர்த் தூளைவிடக் கறுப்பு. நல்ல தூள்தான். தினமும் வந்து வாங்கத் தகுந்த தூள் என்றுகூட எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால், அப்படித் தோன்ற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஊரில் பொன் உருக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதிக்கு இருபது முடிகிறது. இந்தச் சம்பந்தம் நின்றால் தெரு என்ன பேசும், அக்காள் எத்தனை நாள் சாப்பிட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். “சரிதான், எவனோ பொறாமையில் எழுதினான்” என்று மனசுக்குள் ஒரு பதிலை எழுதிக்கூடப் பார்த்துவிட்டேன்.

“சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்” என்றாள் இராசம்மா.

இரண்டு இலை போட்டாள். ஒருத்திக்குச் சமைக்கச் சிரமம் என்று சொன்ன அடுப்பில் மூன்று சட்டி இருந்தன. கேரியரைத் திறந்து, நம் ஊர்ச் சாம்பாரையும் கூட்டையும் எனக்கு வைத்தாள். சுப்பையாவின் இலையில் சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, தேங்காய் போட்டு வறுத்த முருங்கையிலை வறை. கடைச் சாப்பாட்டைப் பத்து மைல் சுமந்து வந்தவன் இங்கே வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறான்.

பிறகு அவள் பரிமாறினாள். நான் சாப்பிடுவதை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தேன்.

என்னிடம் ஒவ்வொரு முறையும் கேட்டாள். “இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டோ, ஐயா?” “அப்பளம் போடட்டோ?” நானும் கை மறித்தேன், தலையாட்டினேன். விருந்தாளிக்கு அப்படித்தான். சுப்பையாவிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கை ஒரு தடவையும் மறிக்கவில்லை. அவன் நிமிர்ந்தும் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோறு தீர்கிற இடத்தில் சோறு விழுந்தது. கடைசிப் பிடிக்கு அளவாகக் குழம்பு விழுந்து நின்றது. அவன் செம்புக்குக் கையை நீட்டினான், பார்க்காமலே. செம்பு அந்த இடத்தில் இருந்தது.

நாள் முழுவதும் மற்றவர்களுக்குப் பரிமாறுகிறவனுக்கு யாரும் பரிமாறினால் பிடிக்காது. நான் கல்யாண வீட்டில்கூட என் இலைக்கு நானே போட்டுக்கொள்வேன். வாளியைப் பார்க்காமல் ஒரு பரிமாறுகிறவன் சாப்பிட வேண்டுமென்றால், பரிமாறும் கை அவனுக்கு எத்தனை வருஷம் பழகியிருக்க வேண்டும்! ஆனால் இதைக் கொண்டு ஊரில் போய் என்ன சொல்வது? கை மறிக்கவில்லை என்றா?

கிணற்றடியில் துலாவை இழுத்துச் சுப்பையா தண்ணீர் விட்டான். கை கழுவினேன். சைக்கிளில் காற்று இறங்கியிருந்தது. அவன் பம்பை எடுத்து அடிக்கத் தொடங்கினான். அப்போதுதான் குடையை உள்ளே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன்.

என் இலை எடுத்து, அந்த இடம் தண்ணீர் தெளித்துத் துடைத்திருந்தது. சுப்பையாவின் இலை அப்படியே கிடந்தது. அதன் முன்னால் இராசம்மா உட்கார்ந்திருந்தாள். அவன் சாப்பிட்ட அந்த எச்சில் இலையிலேயே சோற்றை வைத்து, அவன் ஒதுக்கிய முருங்கையிலையோடு பிசைந்துகொண்டிருந்தாள்.

இதற்கு யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரானாலும் அவர்கள் ஊரானாலும், ஒரு ஆணின் இலையில் அவன் எழுந்த பிறகு உட்கார்ந்து சாப்பிடுகிறவள் ஒருத்திதான். என் அம்மா அப்படித்தான் சாப்பிட்டாள். அக்காளும் அத்தான் இருந்தவரை அப்படித்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை. இலையை மறைக்கவும் இல்லை. “குடையோ, ஐயா? உதிலை சாத்தி வைச்சிருக்கிறன்” என்று இடது கையால் காட்டினாள். குடையை நான் பாயருகில் வைத்த ஞாபகம். அது வாசலைவிட்டு உள்ளே, இலையைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டிய மூலையில் இருந்தது.

எடுத்தேன். திரும்பும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். “கடிதம் நான்தான் எழுதினனான்.”

“பேர் போடலையே, அம்மா” என்றேன்.

“என்ன பேரெண்டு போடுறது?” என்றாள். சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அவர் தாயிட்டைச் சொல்லப் பயந்த மனுசன். ஊரிலை ஒண்டு, இஞ்சை ஒண்டு எண்டு வைச்சுக்கொள்ளலாம் எண்டு நினைக்கிறார். நான் பழகியிட்டன். உங்கடை பிள்ளை ஏன் பழகவேணும்? நான் எழுதினது அவருக்குத் தெரிய வேண்டாம், ஐயா.”

முற்றத்தில் பம்ப் அடிக்கிற சத்தம் நின்றது. நான் வெளியே வந்தேன்.

திரும்பும் வழியில் வெயில் தணிந்திருந்தது. காலியான கேரியர் என் மடியில் கலகலத்தது. கோப்பாய் வரையில் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நேருக்கு நேர் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். அவன் முதுகு என்பதால் சொல்ல முடிந்தது.

“தம்பி, கோமதியை உனக்குக் குடுக்க முடியாது.”

சைக்கிள் கொஞ்சம் தடுமாறியது. “ஏன் மாமா?”

“உங்க கடையில மிச்ச வடையைத் திருப்பி அடுத்த ஆளுக்கு வைக்கீங்க. அந்த மாதிரி இடத்துல சம்பந்தம் வச்சுக்க எங்களுக்குச் சரிப்படாது.”

அவன் சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றது. சைக்கிளும் நின்றது. இரண்டு காலையும் ஊன்றி, என் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

“அவ ஏதாச்சும் சொன்னாளா?”

“ஒண்ணும் சொல்லல. குடையை எடுத்துக் குடுத்துச்சு.”

“பின்னே?”

“நீ கை மறிக்கலையே, தம்பி.”

ஒரு மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போனது. பிறகு அவன் குரல் வேறு மாதிரி வந்தது. “அம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க?”

“வடையைத்தான் சொல்லுவேன். என்னைப் பைத்தியக்காரன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். மத்ததை நீதான் எழுதணும். இந்த மாசத்துக்குள்ள எழுது.”

“ஓம்” என்றான். எழுதுவானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் கோமதியைப் பொறுத்தவரை சந்தேகம் தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை அதே கடையில் சாப்பிட்டேன். சுப்பையாதான் பரிமாறினான். தட்டில் நாலு வடை வைத்தான். ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். மிச்சம் மூன்றும் அடுத்த மேசைக்குப் போயின. பத்து மணிக்கு ரயில் ஏறினேன்.